மழை விடும் பத்து நிமிடம்: ஸ்கை தீவில் நிலக்காட்சிப் படம் எடுக்க ஒரு முழு வழிகாட்டி

ஸ்காட்லாந்தின் வடமேற்குக் கரையை ஒட்டிக் கிடக்கும் ஸ்கை தீவுக்குப் போய் வந்தவர்களின் படங்களைப் பார்த்தால் ஒன்று புரியும். எல்லோரும் அதே ஏழெட்டு இடங்களில்தான் நின்றிருப்பார்கள். ஆனால் ஒருவருடைய படத்தில் இருப்பது வெறும் பாறை. இன்னொருவருடைய படத்தில் அதே பாறை, மேகத்தைக் கிழித்துக்கொண்டு அப்போதுதான் வெளியே வந்ததுபோல் நிற்கும். விசாரித்துப் பார்த்தால், பெரும்பாலும் கேமரா இருவரிடமும் ஒன்றாகவே இருக்கும். இரண்டாமவர் அந்த இடத்துக்கு மூன்று முறை போயிருப்பார், அவ்வளவுதான்.

எனவே முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இரண்டு நாளில் பத்து இடங்களைப் பார்த்து முடிக்கும் திட்டத்தோடு போனால் பயணம் நன்றாகவே அமையும், படம் அமையாது. குறைந்தது ஐந்து இரவுகள் தங்குங்கள். மூன்றே மூன்று இடங்களைத் தேர்ந்துகொண்டு, வானத்தைப் பார்த்து அவற்றுக்கு மாறி மாறிப் போங்கள். கீழே சொல்லப்போவதெல்லாம் இந்த ஒரு யோசனையின் விரிவு.

முதல் படி: மாதத்தைத் தேர்ந்தெடுத்தல்

தீவின் முக்கிய ஊரான போர்ட்ரீ ஏறத்தாழ 57.4 பாகை வட அட்சரேகையில் இருக்கிறது. இந்த ஓர் எண்ணை மனத்தில் வைத்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. டிசம்பர் மூன்றாம் வாரத்தில் நண்பகல் சூரியன்கூட அடிவானத்திலிருந்து 9 பாகைக்கு மேல் ஏறுவதில்லை. காலை ஒன்பது மணி வாக்கில் விடிந்து, பிற்பகல் மூன்றரைக்கெல்லாம் மறைந்துவிடும். பகல் குறைவுதான். ஆனால் இருக்கும் ஆறரை மணி நேரமும் சாய்ந்த வெளிச்சம். நம் ஊரில் காலை ஏழு மணிக்குள் கலைந்துவிடும் அந்தத் தங்க வெளிச்சம் அங்கே நாள் முழுக்கக் கிடைக்கும், மேகம் விட்டால்.

ஜூனில் கணக்கு தலைகீழ். நாலரை மணிக்குச் சூரிய உதயம், இரவு பத்தரையை ஒட்டி மறைவு. நள்ளிரவில் சூரியன் அடிவானத்துக்குக் கீழே அதே 9 பாகைதான் இறங்குகிறது, அதனால் முழு இருட்டே கிடையாது. விண்மீன்களும் துருவ ஒளியும் வேண்டுமென்றால் ஜூனில் போய்ப் பயனில்லை. அவற்றுக்கு செப்டம்பர் கடைசியிலிருந்து மார்ச் வரையிலான இருட்டு வேண்டும். தூங்காமல் இருக்கத் தெரிந்தவர்களுக்கு ஜூன் ஒரு விருந்து. எனக்கு அது தண்டனையாகத்தான் இருந்தது. இரவு பதினொன்றரைக்கு அறைக்குத் திரும்பி, மறுபடி அதிகாலை மூன்று மணிக்கு எழுந்தால், மூன்றாம் நாள் எதிரே இருப்பது மலையா மேகமா என்ற பேதமே போய்விடுகிறது.

வண்ணத்தைப் பொறுத்தவரை: ஆகஸ்டில் ஹெதர் புதர் பூத்துச் சரிவுகள் ஊதா நிறமாகும். அக்டோபரில் பெரணிகள் காய்ந்து துருவின் நிறத்துக்கு வரும், புல்லும் பொன்னிறமாகும். கோடையில் தீவு முழுவதும் ஒரே பச்சை. கண்ணுக்குக் குளிர்ச்சி, கேமராவுக்குத் தலைவலி. என்னைக் கேட்டால் அக்டோபர் நடுப்பகுதியிலிருந்து நவம்பர் தொடக்கம் வரை. விடியல் எட்டு மணியை ஒட்டி வரும், மிட்ஜ் எனும் கடிக்கும் குட்டிப் பூச்சிகள் போயிருக்கும், கார் நிறுத்த இடமும் கிடைக்கும். அடுத்தது பிப்ரவரி கடைசி.

இரண்டாம் படி: போய்ச் சேர்வதும் தங்குவதும்

1995இல் திறக்கப்பட்ட பாலம் தீவை நிலப்பகுதியோடு இணைக்கிறது. 2004 டிசம்பரோடு அதன் சுங்கக் கட்டணமும் ஒழிந்தது. இன்வர்னஸிலிருந்து போர்ட்ரீக்குக் காரில் ஏறத்தாழ இரண்டரை மணி நேரம், கிளாஸ்கோவிலிருந்து ஐந்து மணி நேரம். மல்லைக் துறைமுகத்திலிருந்து ஆர்மடேலுக்குப் படகும் உண்டு. அது அழகான வழி, ஆனால் கோடையில் காருக்கு இடம் வேண்டுமென்றால் முன்பதிவு அவசியம்.

பஸ் இருக்கிறது. ஆனால் விடியலுக்கு முன் மலையடிவாரத்தில் இறக்கிவிடும் பஸ் எங்கும் இல்லை. கார் இல்லாமல் இங்கே படம் எடுப்பது கடினம் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

பல சாலைகள் ஒரே வண்டி போகும் அகலம் கொண்டவை. இடையிடையே வண்டிகள் ஒதுங்க இடம் விட்டிருப்பார்கள். அது உங்கள் இடப்பக்கம் வந்தால் ஒதுங்கி நில்லுங்கள். வலப்பக்கம் வந்தால் சாலையிலேயே அதற்கு நேராக நின்று, எதிர்வண்டி அதற்குள் நுழைய வழிவிடுங்கள். பின்னால் வருபவர் அவசரத்தில் இருந்தாலும் ஒதுங்கி விடுவதுதான் அங்கே வழக்கம். நன்றிக்கு ஒரு கையசைப்பு. வானவில் தெரிகிறதே என்று அந்த ஒதுங்கிடத்தில் காரை நிறுத்திவிட்டு முக்காலியோடு இறங்குவதுதான் தீவுக்காரர்களுக்கு வரும் கோபத்தின் முதல் காரணம். கோபம் நியாயமானது. அந்தச் சாலையில் ஆம்புலன்ஸும் வரும், பள்ளி வேனும் வரும்.

தங்குவதற்கு ஒரே இடம் என்றால் போர்ட்ரீ. வடக்கே டிராட்டர்னிஷ் தீபகற்பமும் தெற்கே ஸ்லிகஹனும் அருகில். எல்கால் கடற்கரைதான் உங்கள் குறி என்றால் ப்ராட்ஃபோர்டில் இரண்டு இரவு பிரித்துத் தங்கலாம்.

மூன்றாம் படி: பையில் என்ன இருக்க வேண்டும்

கேமரா எதுவாக இருந்தாலும் சரி. லென்ஸ் இரண்டு போதும்: 24-70, 70-200 மில்லிமீட்டர். அகல லென்ஸ் இல்லாமல் நிலக்காட்சியா என்று கேட்பார்கள். 16 மில்லிமீட்டரில் எடுத்தால் காலடியிலுள்ள கல் யானையாகும், எதிரே இருக்கும் கூலின் மலைத்தொடர் கரையான் புற்றாகும். 900 மீட்டர் உயர மலைகளைப் பார்த்துத்தானே அவ்வளவு தூரம் போனோம்? 28, 35 மில்லிமீட்டரில் செங்குத்துச் சட்டகமாக எடுத்தால் முன்னாலுள்ள பாறையும் இருக்கும், மலைக்கு மலையின் கனமும் இருக்கும்.

லென்ஸுக்கு முன் மாட்டும் ஃபில்டர் கண்ணாடிகளில் முதலிடம் போலரைசருக்கு. வானத்தை நீலமாக்க அல்ல. ஈரப் பாறையிலும் நனைந்த பெரணியிலும் படியும் வெள்ளைப் பளபளப்பை அது எடுத்துவிடும், அடியிலுள்ள நிறம் வெளியே வரும். அடுத்து 6 ஸ்டாப் என்டி ஃபில்டர், அதாவது வெளிச்சத்தை ஆறு முறை பாதியாக்கும் கறுப்புக் கண்ணாடி. 10 ஸ்டாப் ஃபில்டரை நான் கொண்டுபோவதை விட்டுவிட்டேன். முப்பது விநாடித் திறப்பில் கடல் பாலாகிவிடும். ஆனால் ஸ்கையின் கடல் பால்போல அசையாமல் கிடக்கும் கடல் அல்ல.

முக்காலி கனமாக இருக்கட்டும். நடுத்தண்டை உயர்த்தவே வேண்டாம். பலத்த காற்றில் கால்களை அகட்டி இடுப்பளவுக்குத் தாழ்த்தி, பையைக் கொக்கியில் தொங்கவிடும்போது பையின் அடி தரையைத் தொடும்படி விடுங்கள். அந்தரத்தில் தொங்கும் பை காற்றில் ஆடி முக்காலியையும் ஆட்டும்.

மற்றபடி: ஆறு துடைப்புத் துணிகள், ஒவ்வொன்றும் தனித்தனி பிளாஸ்டிக் உறையில். நனைந்த துணியால் லென்ஸைத் துடைப்பது மழையை மழையால் கழுவுவதுதான். விடுதிக் குளியலறையில் கிடைக்கும் தலைக்குளியல் தொப்பி கேமராவுக்கு அளவெடுத்ததுபோல் பொருந்தும், அதையும் எடுத்துக்கொள்ளுங்கள். குளிரில் பேட்டரி சீக்கிரம் தீரும், உதிரியை உடம்போடு ஒட்டிய பையில் வையுங்கள். தலைவிளக்கு, கணுக்காலை மூடும் நீர்புகா பூட்ஸ், மேலும் கீழும் மழையாடை. குடை வேண்டாம். ஒரே நாளில் எலும்புக்கூடாகிவிடும்.

நான்காம் படி: முந்தைய இரவு செய்ய வேண்டிய வேலை

படத்தின் பெரும்பகுதி அறையிலேயே, மேசை முன் முடிவாகிறது. ஒரு விதியை மட்டும் மனப்பாடம் செய்யுங்கள்: கிழக்குக் கரை காலைக்கு, மேற்குக் கரை மாலைக்கு.

இதற்குக் காரணம் மண்ணுக்கடியில் இருக்கிறது. ஏறத்தாழ 6 கோடி ஆண்டுகளுக்கு முன் எரிமலைக் குழம்பு அடுக்கடுக்காகப் பாய்ந்து, அதற்கும் பழமையான ஜுராசிக் காலப் படிவுப் பாறைகளின் மேல் உறைந்தது. டிராட்டர்னிஷில் இந்த அடுக்குகள் மேற்கு நோக்கிச் சாய்ந்திருக்கின்றன. மேலே கனமான எரிமலைப் பாறை, கீழே பலவீனமான படிவு. பாரம் தாங்காமல் கிழக்கு விளிம்பு சரிந்து விழுந்தது. அப்படி விழுந்த துண்டுகளும் கோபுரங்களும்தான் எல்லோரும் படமெடுக்கப் போகும் ஸ்டோரும் குவிராங்கும். அந்தச் செங்குத்துகள் எல்லாம் கிழக்கு நோக்கியவை. காலையில் வெளிச்சம் நேராக விழும், நண்பகல் தாண்டினால் முழுவதும் நிழல். மாலை நான்கு மணிக்கு அங்கே போய் நின்று, வெளிச்சமே இல்லை என்று நொந்துகொள்பவர்களை ஒவ்வொரு முறையும் பார்க்கிறேன்.

அடுத்தது காற்றின் திசை. பெரும்பாலான நாள் தென்மேற்குக் காற்றுதான். ஸ்டோரில் எல்லோரும் எடுக்கும் அந்தப் படத்துக்குத் தெற்கு நோக்கி நிற்க வேண்டும். அதாவது லென்ஸ் ஏறக்குறைய மழைக்கு எதிர்முகமாக இருக்கும். தென்மேற்குக் காற்றோடு மழை என்றால் அன்றைக்கு ஸ்டோர் வேண்டாம் என்று முடிவெடுத்துவிடுங்கள். காற்று வடமேற்குக்குத் திரும்பினால் உடனே கிளம்புங்கள். பெரிய மழைப்பட்டை ஒன்று கடந்துபோனதும் காற்று அப்படித் திரும்பும். பிறகு வருவது விட்டுவிட்டுப் பெய்யும் மழை. பதினைந்து நிமிடம் அடித்துப் பெய்யும், பத்து நிமிடம் வெறிக்கும், கழுவிவிட்டதுபோன்ற காற்றில் தூரத்துத் தீவுகள்கூடத் தெளிவாகத் தெரியும். தலைப்பில் சொன்ன பத்து நிமிடம் இதுதான்.

வானவில்லும் அப்போதுதான். சூரியனுக்கு முதுகைக் காட்டி நில்லுங்கள், உங்கள் நிழலின் தலை சுட்டும் திசையைச் சுற்றித்தான் அது வளையும். சூரியன் 42 பாகைக்கு மேல் ஏறிவிட்டால் தரையில் நிற்பவருக்கு வில் தெரியாது. ஜூன் நண்பகலில் வானவில் இல்லை என்பதும், டிசம்பரில் நாள் முழுவதும் அது வரலாம் என்பதும் இந்தக் கணக்கிலேயே வந்துவிடும்.

பிரிட்டனின் வானிலை மையமான மெட் ஆபீஸ் முன்னறிவிப்போடு, மலைப்பகுதிக்கென்றே வெளிவரும் எம்டபிள்யூஐஎஸ் அறிக்கையையும் பாருங்கள். மேகத்தின் அடிப்பகுதி எத்தனை மீட்டரில் இருக்கும் என்று அதில் இருக்கும். ஸ்டோர் மலை 719 மீட்டர். மேகத்தின் அடி 300 மீட்டர் என்றால் மேலே ஏறி வெள்ளைச் சுவரைப் பார்ப்பதைவிட, கீழே ஓடைகளுக்குப் போவது மேல்.

கடற்கரை என்றால் ஓத அட்டவணை, அதாவது கடல் ஏறி வற்றும் நேரப் பட்டியல். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் இங்கே ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே நான்கு மீட்டருக்கும் மேல் வித்தியாசம் வரும். அது ஒரு மாடி உயரத்துக்கும் அதிகம். இதை நான் எப்படிக் கற்றுக்கொண்டேன் என்பது எல்கால் பகுதியில் வரும்.

ஐந்தாம் படி: இடத்தில் நிற்பது

ஸ்டோர் கிழவன். ஆங்கிலத்தில் 'ஓல்ட் மேன் ஆஃப் ஸ்டோர்' எனப்படும் ஒற்றைப் பாறைக் கோபுரம். கார் நிறுத்துமிடத்திலிருந்து ஏறத்தாழ 300 மீட்டர் ஏற்றம். முக்காலியோடு மூச்சு வாங்கி ஏற ஒரு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். நேரே பாறையின் அடிக்குப் போவது எல்லோரும் செய்யும் தவறு. அடியிலிருந்து பார்த்தால் வெறும் கல். பாறையைத் தாண்டி வடக்கே கொஞ்சம் ஏறி, ஒரு மேட்டின் மேல் நின்று திரும்பிப் பாருங்கள். ஏறத்தாழ 50 மீட்டர் உயரக் கிழவன் வலப்பக்கம், கீழே இரண்டு ஏரிகள், இடப்பக்கம் ராசே தீவும் கடலும். கோடையில் சூரியன் வடகிழக்கில் உதிக்கும், உங்களுக்கு இடப்பக்கம் முதுகுப்புறமாக. பாறையில் நேரடி வெளிச்சம் விழும், முகடுகள் தட்டையாகத் தெரியலாம். குளிர்காலத்தில் தென்கிழக்கில், இடப்பக்கம் எதிரில் உதிக்கும். ஒவ்வொரு பாறைக்கும் ஒரு பக்கம் ஒளி, ஒரு பக்கம் இருள். இரண்டாவதுதான் எனக்குப் பிடித்தது.

மேகம் மூடியிருந்தால் இறங்காதீர்கள். ஆட்கள் இறங்கும் நேரம்தான் உங்கள் நேரம். இரண்டு கோபுரங்களுக்கு இடையே மேகம் புகுந்து அவற்றைப் பிரித்துக் காட்டும் அந்தக் கணத்துக்கு 70-200 லென்ஸை மாட்டி வையுங்கள். தெளிந்த வானத்தில் கோபுரங்கள் பின்னாலுள்ள மலையோடு ஒன்றாகக் கலந்துவிடும், கிழவன் எங்கே என்று தேட வேண்டியிருக்கும். மேகம்தான் அவனை மலையிலிருந்து பிரித்து நிறுத்துகிறது. சட்டகத்தில் யாராவது ஒருவர் மஞ்சள் மழையாடையோடு நடந்தால் அழிக்காதீர்கள். அந்த ஆள் இல்லாவிட்டால் 50 மீட்டரும் ஐந்து மீட்டரும் படத்தில் ஒன்றுதான்.

குவிராங். ஸ்டாஃபினுக்கும் ஊய்க்கும் நடுவே மலையைக் கடக்கும் ஒற்றைச் சாலையின் உச்சியில் கார் நிறுத்தலாம். இந்தச் சரிவு இன்னும் ஓய்ந்துவிடவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்துகொண்டே இருப்பதால் கீழே ஃப்ளோடிகாரி அருகே சாலையை அடிக்கடி செப்பனிட வேண்டியிருக்கிறது. நீங்கள் படமெடுக்கும் நிலம் நகர்ந்துகொண்டிருக்கிறது என்பதை நினைத்துக்கொண்டு நிற்பது ஒரு தனி அனுபவம். கார் நிறுத்துமிடத்திலிருந்து சில நிமிட நடையிலேயே தெற்கு நோக்கிய காட்சி விரிந்துவிடும்: மடிந்து மடிந்து போகும் மலைமுதுகு, கீழே சிறு ஏரி, வளைந்து இறங்கும் சாலை. இங்கே இரண்டு வேலை. முதலில் அகலமாக ஒன்று எடுத்துக் கடமையை முடித்துவிடுங்கள். பிறகு 100-லிருந்து 200 மில்லிமீட்டருக்குப் போய், வெளிச்சத் திட்டு ஒவ்வொன்றாக மேட்டின் மேல் நகர்ந்து வருவதைப் பின்தொடருங்கள். சட்டகத்தை முன்பே அமைத்துவிட்டு, வெளிச்சம் அதற்குள் வரும்வரை காத்திருங்கள். வெளிச்சத்தைத் துரத்திக்கொண்டு லென்ஸைத் திருப்பினால் அது எப்போதும் ஒரு மேடு முன்னால்தான் இருக்கும்.

ஸ்லிகஹன். பழைய கல் பாலம், அடியில் ஓடும் ஆறு, பின்னால் 964 மீட்டர் உயர ஸ்கூர் நன் கில்லியன். மலையின் வடமுகத்தைப் பார்த்து நிற்கிறோம் என்பதை மறக்கக் கூடாது. குளிர்காலம் முழுவதும் சூரியன் மலைக்குப் பின்னால்தான் ஓடும். பனி நீலமாகவும் மலை கருமையாகவும் வரும், அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். மே முதல் ஜூலை வரை மட்டும் அதிகாலையிலும் பின்மாலையிலும் வடமுகத்தில் வெளிச்சம் சாயும். ஆறு மழைக்கு உடனே பதில் சொல்லும். நேற்று கல்லாகக் கிடந்த படுகை இன்று நுரைத்து ஓடும். கரையோரப் பாறைகள் மேல் தாவும் முன் ஆற்றைப் பாருங்கள்.

எல்கால். ப்ராட்ஃபோர்டிலிருந்து ஒற்றைச் சாலையில் நாற்பது நிமிடம். ஒரு நாள் மட்டுமே உள்ளவர் எங்கே போகலாம் என்று கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன். ஸ்காவைக் வளைகுடாவுக்கு அப்பால் கூலின் தொடர் முழுவதும் பல்வரிசைபோல் நிற்கிறது. முன்னால் தேன்கூடுபோல் அரிக்கப்பட்ட மணற்பாறைகள். ஊரின் படகுத்துறையை விட்டு, கரையோரமாக வடக்கே நடந்தால் அவை தொடங்கும்.

மலை வடமேற்கில் இருப்பதால் கோடையில் சூரியன் அதற்குப் பின்னால் போய் விழும். படம் நிழலுருவமாகத்தான் வரும். நவம்பர் முதல் பிப்ரவரி வரை தென்மேற்கில், கடலின் மேல் மறையும். அப்போது இடப்பக்கத்திலிருந்து சாயும் வெளிச்சம் ஒவ்வொரு பல்லையும் தனித்தனியாகச் செதுக்கும்.

அலைக்கு அரை விநாடியிலிருந்து ஒரு விநாடி வரை ஷட்டர் திறப்பு. அலை வரும்போது அழுத்தினால் வெள்ளைக் குழப்பம். வந்து மோதித் திரும்பும்போது அழுத்துங்கள். பின்வாங்கும் நுரை பாறைகளுக்கு இடையே கோடுகளாக இழுபடும், கண் அந்தக் கோடுகளைப் பிடித்துக்கொண்டு மலைக்குப் போகும். ஏழெட்டு அலைகளுக்கு எடுத்தால் ஒன்று அமையும். ஒவ்வொன்றுக்கும் பிறகு லென்ஸில் உப்புத் துளி இருக்கிறதா என்று பார்ப்பதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

முதல் முறை போனபோது கடல் ஏறிக்கொண்டிருந்தது. உலர்ந்து தெரிந்த ஒரு பாறையின் மேல் பையை வைத்துவிட்டு, இருபதடி முன்னால் போய் நின்றேன். நல்ல வெளிச்சம் வந்தது. திரும்பிப் பார்க்கும் எண்ணமே வரவில்லை. வந்தபோது பாறை இருந்தது, பை மிதந்துகொண்டிருந்தது. உள்ளே இருந்த 70-200 அன்றோடு முடிந்தது. இத்தனைக்கும் பாறை எனக்கு முன்பே சொல்லியிருந்தது. கருத்த பாசியும் ஒட்டுச் சிப்பிகளும் எந்த உயரம் வரை இருக்கின்றனவோ அதுவரை தண்ணீர் ஏறும். பையும் நீங்களும் அந்தக் கோட்டுக்கு மேலே இருக்க வேண்டும். கருத்த பாறை எண்ணெய் பூசியதுபோல் வழுக்கும் என்பது இன்னொரு பாடம், அதற்கு விலை ஒரு முழங்கை மட்டும். கடல் வற்றிக்கொண்டிருக்கும் மாலையாகப் பார்த்துப் போங்கள். அப்போது அலை கழுவிய, காலடித் தடமற்ற பரப்பும் கிடைக்கும்.

நீஸ்ட் முனை. தீவின் மேற்கு எல்லை, 1909இல் எழுந்த கலங்கரை விளக்கம். கலங்கரை விளக்கத்துக்குக் கீழே இறங்கிப் போகாதீர்கள், படம் மேலே இருக்கிறது. கார் நிறுத்துமிடத்திலிருந்து வடக்கே பாறை விளிம்பை ஒட்டிக் கொஞ்ச தூரம் நடந்தால் முனை முழுவதும் கடலுக்குள் நீட்டிக் கிடப்பது தெரியும். விளிம்பில் வேலி கிடையாது, புல் ஈரம், காற்று பின்னாலிருந்து தள்ளும். இருட்டிய பின் திரும்பும் வழியை வெளிச்சத்திலேயே ஒருமுறை நடந்து பார்த்துவிடுங்கள்.

டாலிஸ்கர் கடற்கரையை மேகமூட்டமான நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். கருமணலும் வெளிர்மணலும் கலந்து கிடப்பதால், வற்றும் கடல் அதில் கிளைகிளையாகக் கோலம் போட்டுவிட்டுப் போகும். வானமே இல்லாமல் மணலை மட்டும் எடுக்கலாம். கிளென் பிரிட்டிலின் தேவதைக் குளங்களும் மழை நாளுக்கு உரியவை. போலரைசர், கால் விநாடி, கூட்டம் வருவதற்கு முன் காலை. மீல்ட் அருவி சாலையோரம், ஐந்து நிமிடம், வேலிக்குப் பின்னிருந்து ஒரே கோணம். பார்க்கலாம், திட்டமிட வேண்டியதில்லை. ஊய் அருகிலுள்ள தேவதைப் பள்ளத்தாக்கில் பயணிகள் கற்களை அடுக்கிச் சுருள் வட்டம் போடுவார்கள், ஊர்க்காரர்கள் அதைக் கலைப்பார்கள். நீங்கள் ஊர்க்காரர்கள் பக்கம் இருங்கள்.

ஆறாம் படி: கேமராவில் வைக்க வேண்டிய எண்கள்

ரா கோப்பு (கேமரா திருத்தாமல் தரும் மூலப் பதிவு), ஐஎஸ்ஓ 100, எஃப் 8 அல்லது எஃப் 11. எஃப் 16-க்கு மேல் போனால் கூர்மை குறையத் தொடங்கும். முழுச்சட்டகக் கேமராவில் 20 மில்லிமீட்டர், எஃப் 11 என்றால் 1.2 மீட்டர் தூரத்தில் ஃபோகஸ் வைத்தால் அரை மீட்டருக்குச் சற்று மேலிருந்து அடிவானம் வரை தெளிவாக வரும். 35 மில்லிமீட்டரில் இது நடக்காது. பாறைக்கு ஒன்று, மலைக்கு ஒன்று என இரண்டு படமெடுத்து வீட்டில் இணையுங்கள்.

வானம் வெளுத்து நிலம் கறுக்கும் சிக்கல் இங்கே எப்போதும் உண்டு. படத்தின் வெளிச்சப் பரவலைக் காட்டும் வரைபடமான ஹிஸ்டோகிராமின் வலது ஓரம் முட்டாமல் பாருங்கள். முட்டினால் ஒரு ஸ்டாப் இடைவெளியில் மூன்று படங்கள். ஓடும் மேகத் திட்டுகள் இருந்தால் மூன்றையும் மூச்சுவிடாமல் அடுத்தடுத்து எடுங்கள். இல்லையென்றால் முதல் படத்தில் வெளிச்சம் ஒரு மேட்டிலும் மூன்றாம் படத்தில் அடுத்த மேட்டிலும் இருக்கும்.

6 ஸ்டாப் ஃபில்டர் நேரத்தை 64 மடங்காக்கும். முப்பதில் ஒரு விநாடி, இரண்டு விநாடி ஆகும். ஆனால் காற்று முக்காலியை உலுக்கும்போது இந்தக் கணக்கையெல்லாம் மூட்டை கட்டி வைத்துவிட்டு, ஐஎஸ்ஓவை 800-க்கு ஏற்றி, 250-இல் ஒரு விநாடியில் எடுங்கள். கொஞ்சம் புள்ளி விழுந்த படம் அசைந்த படத்தைவிட மேல்.

ஏழாம் படி: மிட்ஜ், சேறு, மற்றவர் நிலம்

மே கடைசியிலிருந்து செப்டம்பர் வரை, காற்றில்லாத ஈரக் காலையிலும் மாலையிலும் மிட்ஜ் வரும். கொசுவில் பாதிகூட இருக்காது, ஆயிரக்கணக்கில் வரும். காற்று மணிக்கு 11 கிலோமீட்டரைத் தாண்டினால் அவற்றால் பறக்க முடியாது. ஏரியில் மலை கண்ணாடிபோல் தெரியக் காற்று இருக்கக் கூடாது. காற்று இல்லாவிட்டால் மிட்ஜ் இருக்கும். கோடையில் பிரதிபலிப்புப் படம் வேண்டுமென்றால் முகவலை போட்டுக்கொண்டே எடுக்க வேண்டும், வேறு வழியில்லை.

கூலின் மலைக்குள் ஏறுவது தனிக் கலை. அந்தக் கரும்பாறையில் காந்தத் தன்மை இருப்பதால் திசைகாட்டி சில இடங்களில் பொய் சொல்லும். மலையேற்றப் பயிற்சி இல்லாதவர் அடிவாரத்திலேயே நிற்பது நல்லது, நல்ல படங்களில் பெரும்பாலானவை அங்கிருந்து எடுத்தவைதான். விபத்து என்றால் 999 அழைத்துக் காவல்துறையைக் கேட்டு, மலை மீட்புக் குழு வேண்டும் என்று சொல்லுங்கள். எங்கே போகிறீர்கள், எப்போது திரும்புவீர்கள் என்பதைத் தங்குமிடத்தில் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.

2003ஆம் ஆண்டுச் சட்டப்படி ஸ்காட்லாந்தில் தனியார் நிலத்திலும் பொறுப்போடு நடக்க எல்லோருக்கும் உரிமை உண்டு. வேலிக் கதவு எப்படி இருந்ததோ அப்படியே விட்டுப் போங்கள். குட்டிபோடும் பருவத்தில் ஆடுகளை விரட்டாதீர்கள். சேற்றைத் தவிர்க்கப் பாதையின் ஓரத்துப் புல்லில் நடந்து நடந்தே ஸ்டோரின் பாதை அகன்றது. சேற்றிலேயே நடங்கள், பூட்ஸ் அதற்குத்தான். ட்ரோன் என்றால் பதிவு, 120 மீட்டர் உயர வரம்பு, கண்பார்வை எல்லை. 1975இல் நார்வேயிலிருந்து கொண்டுவந்து ரம் தீவில் மீண்டும் குடியேற்றத் தொடங்கிய வெண்வால் கழுகுகள் இப்போது ஸ்கையிலும் கூடு கட்டுகின்றன. கூட்டருகே அவற்றைத் தொந்தரவு செய்வது குற்றம்.

எட்டாம் படி: அறைக்குத் திரும்பிய பின்

கணினிக்கு முன் முக்காலி. அதன் கால்களைக் கழற்றிக் குளியல் தொட்டியில் நல்ல தண்ணீரில் அலசுங்கள். உப்பும் மணலும் ஒரே இரவில் திருகுகளைப் பிடித்துவிடும். கேமராவைப் பைக்குள்ளேயே வைத்து அறையின் சூட்டுக்குப் பழக விடுங்கள், உடனே திறந்தால் உள்ளே ஆவி படியும்.

திருத்தும்போது மூன்று கைகளைக் கட்டிப்போட வேண்டும். முதலாவது, மூடுபனியை நீக்கும் பொத்தானைத் தேடும் கை. அந்தப் பனிக்காகத்தானே மூன்று நாள் காத்திருந்தோம். இரண்டாவது, நிழலைத் தூக்கிவிடும் கை. கூலின் பாறை கறுப்பு. அதைச் சாம்பலாக்கினால் மலை அட்டையாகிவிடும். மூன்றாவது, பச்சையைக் கூட்டும் கை. மஞ்சளையும் பச்சையையும் கொஞ்சம் குறைத்தால்தான் புல் புல்லாக இருக்கும். வெண்சமநிலையைத் தானியங்கியில் விடாமல் பகல்வெளிச்ச அளவில் நிறுத்துங்கள். விடியலின் நீலத்தைத் தானியங்கி கழுவிக் களைந்துவிடும்.

பிறகு மறுநாள் முன்னறிவிப்பைப் பாருங்கள். காற்று வடமேற்கு என்றிருந்தால், ஸ்டோருக்கு மறுபடியும் அலாரம் வையுங்கள்.